டி.எம்.எல்.டி.யா, பி.எஸ்சி. எம்.எல்.டி.யா, மைக்ரோபயாலஜியா: லேப் வேலைக்கு எதைப் படிப்பது?

மருத்துவமனை லேபில் வேலை பார்க்க நினைக்கும் பிளஸ் டூ மாணவருக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு டி.எம்.எல்.டி. (மெடிக்கல் லேபாரட்டரி டெக்னாலஜி) டிப்ளமோ. மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த பி.எஸ்சி. எம்.எல்.டி. கலை அறிவியல் கல்லூரியில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) அல்லது பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்). இவை போக, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நடக்கும் ஆறு மாத, ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளும் உண்டு. அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்பவை மூன்று: எத்தனை வருஷம், எவ்வளவு ஃபீஸ், எவ்வளவு சம்பளம். நியாயமான கேள்விகள். ஆனால் லேபில் புதிதாகச் சேர்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று பார்த்துவருகிற எனக்கு, படிப்பின் பெயரைவிட வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. படிக்கும் காலத்தில் எந்த மருத்துவமனையின் சாம்பிள்கள் அந்தப் பிள்ளையின் கையில் வந்தன என்பதுதான் அது. புதியவர் ஒருவரிடம் ஒரு துளி ரத்தத்தைக் கொடுத்து, அதைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுக்கும் ஸ்மியர் போடச் சொன்னால் போதும். நாக்கு வடிவத்தில், ஓரம் மெலிந்து, கண்ணாடியின் பாதி தாண்டி அழகாக இழுத்தால், உண்மையான லேபில் நின்று பழகியவர் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிடப்போகிறேன்.

மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு?

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் வேலை என்னவென்று தெரிய வேண்டும். "இப்போது எல்லாம் மெஷின்தானே, சாம்பிளை வைத்தால் ரிப்போர்ட் வந்துவிடும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். மெஷின் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்த ஆளின் தேவை கூடியிருக்கிறது.

டெங்கு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு வந்தவரின் ரத்தத்தை ஊதா மூடி டியூபில் எடுத்து, செல் கவுன்ட்டரில் ஓட்டுகிறோம். பிளேட்லெட் 30,000 என்று காட்டுகிறது. அந்த எண்ணை அப்படியே அனுப்பினால் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்; அட்மிஷன், பிளேட்லெட் ஏற்றுவது என்று பேச்சு போகும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருடைய ரத்தத்தில் அந்த ரசாயனமே பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக்கிவிடும். மெஷின் கொத்தை எண்ணாது. விவரம் தெரிந்த டெக்னீஷியன் உடனே ஒரு ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் ஓரங்களைப் பார்ப்பார். கொத்துக்கொத்தாக இருந்தால், நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டுவார். உண்மையான எண்ணிக்கை ஒன்றரை லட்சமாகக்கூட இருக்கலாம். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடங்கள் ஒரு குடும்பத்தின் இரவைக் காப்பாற்றுகின்றன.

டியூபுகளின் வரிசையும் அப்படித்தான். முதலில் நீலம், அப்புறம் சிவப்பு அல்லது மஞ்சள், அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். இதை மனப்பாடம் செய்தவர்கள் நிறைய. ஏன் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஊதா டியூபில் இருக்கும் ஈ.டி.டி.ஏ.யில் பொட்டாசியம் உண்டு. அதில் கொஞ்சம் அடுத்த டியூபில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாகக் குறையும். பொட்டாசியம் உயர்வு என்றால் டாக்டர் இதயத்தைக் காப்பாற்ற மருந்து தொடங்கிவிடுவார். ரத்தத்தை ஊசியில் வேகமாக இழுத்து, செல்கள் உடைந்தாலும் பொட்டாசியம் இப்படித்தான் பொய்யாக உயரும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தை ஃபுளோரைடு இல்லாத டியூபில் வைத்துக் கிராமத்துக் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து பைக்கில் கொண்டுவந்தால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துகொண்டே வரும். சர்க்கரை நோயாளிக்கு "நார்மல்" என்று ரிப்போர்ட் போகும்.

இதற்கு மேல் தரக்கட்டுப்பாடு. தினமும் காலையில் நோயாளி சாம்பிளைத் தொடும் முன், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் என்ற சோதனைத் திரவத்தை மெஷினில் ஓட்டி, நாள்வாரியாக முடிவைக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் ஒரே பக்கமாக நகர்ந்தால் ரீஏஜன்ட் (சோதனை ரசாயனம்) கெட்டிருக்கிறதா, காலிபிரேஷன் (மெஷினின் அளவுச் சீரமைப்பு) போயிருக்கிறதா என்று தேட வேண்டும். 1981-இல் வெஸ்ட்கார்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட தரக்கட்டுப்பாட்டு விதிகளை வைத்துத்தான் இன்றைக்கும் ஒரு ரன்னை, அதாவது ஒரு தடவை ஓட்டிய சோதனைத் தொகுப்பை, ஏற்பதா நிராகரிப்பதா என்று முடிவு செய்கிறோம். நல்ல லேபில் இது சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுபோல் பழக்கமாகியிருக்கும். மோசமான லேபில் ஆய்வுக்கு ஆள் வரும் முந்தைய நாள் ஒரு மாதத்துச் சார்ட்டும் எழுதப்படும். மாணவர் எதைப் பார்த்து வளர்கிறாரோ அதையே செய்வார். படிக்கும் இடத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான்.

டி.எம்.எல்.டி.

இரண்டு ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். டிப்ளமோ படிப்பும் இதில் அடங்கும். வீட்டில் சீக்கிரம் ஒரு வருமானம் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அரசு மருத்துவக் கல்லூரி டிப்ளமோவை நான் இவ்வளவு உயர்த்திப் பேசக் காரணம், அங்கே வந்து குவியும் நோயாளிகள். சென்னை மருத்துவக் கல்லூரியோ மதுரையோ தஞ்சாவூரோ, ஒரு நாள் காலை ஓ.பி.யில் ரத்தம் எடுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். குழந்தையின் மெலிந்த நரம்பு, கீமோ முடித்தவரின் தேய்ந்த நரம்பு, கைகால் வீங்கிய கிட்னி நோயாளி என்று வரிசை நீளும். மலேரியா ஸ்லைடு, காசநோய்ச் சளி, தலசீமியா ரத்தம், லுக்கீமியா செல்கள் எல்லாம் புத்தகப் படத்தில் இல்லாமல் நேரில் வரும். இரண்டு வருடத்தில் கை பழகிவிடும்.

குறை எங்கே? பாடத்தின் ஆழத்தில். ஒரு டெஸ்ட்டை எப்படிச் செய்வது என்று தெரியும். அது எந்த வேதி வினையில் நடக்கிறது, எந்த மருந்து அதைக் குழப்பும் என்பதில் டிப்ளமோ நேரம் போதாமல் நின்றுவிடுகிறது. மரபணுவைப் பெருக்கிச் சோதிக்கும் பி.சி.ஆர்., செல்களை லேசரால் வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி போன்றவை பெயரளவில் வந்துபோகும். ஆர்வமுள்ளவர் வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்வார். ஆனால் பத்து வருடம் கழித்துப் பிரிவுப் பொறுப்பாளர், குவாலிட்டி மேனேஜர் பதவி வரும்போது, விளம்பரத்தில் டிகிரி கேட்பார்கள். அப்போது கையில் இருக்கும் திறமையை விண்ணப்பத்தில் எழுத இடம் இருக்காது.

மேலே படிக்க வழி இல்லாமல் இல்லை. டிப்ளமோ முடித்தவர்களை பி.எஸ்சி. எம்.எல்.டி. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் நாட்டில் இருக்கின்றன. எல்லாம் சேர்ப்பதில்லை. "பிறகு லேட்டரல் என்ட்ரி போய்க்கொள்ளலாம்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

பி.எஸ்சி. எம்.எல்.டி.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டத்தைத் தருவதில் முக்கியமானது கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பாராமெடிக்கல் கவுன்சலிங் நடக்கும். பிளஸ் டூ கட்-ஆஃப் அடிப்படையில், நீட் இல்லாமல். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தனியாகத் தேர்வு செய்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இதே படிப்பு மெடிக்கல் லேபாரட்டரி சயின்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே சேர்க்கை முறை வேறு. விண்ணப்ப விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைத்தான் நம்ப வேண்டும்.

இந்தப் படிப்பின் உயிர் நான்காவது வருடம். அந்த இன்டர்ன்ஷிப்பில் பயோகெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி (ரத்தவியல்), மைக்ரோபயாலஜி, ரத்த வங்கி, ஹிஸ்டோபெத்தாலஜி (திசுப் பரிசோதனை) என்று ஒவ்வொரு பிரிவிலும் போஸ்டிங் போட்டு, நைட் டியூட்டியும் பார்க்கவைத்தால், வெளியே வரும்போது அவர் முழு லேப் ஆள். ராத்திரி இரண்டு மணிக்கு விபத்தில் அடிபட்டவருக்கு, ஏற்றப்போகும் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் செய்யும்போது வரும் நிதானத்தை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது. அதே இன்டர்ன்ஷிப்பில் ரிசப்ஷனில் உட்காரவைத்து பில் போடச் சொல்லும் இடங்களும் உண்டு. ஒரே பட்டம், ஒரே பல்கலைக்கழக முத்திரை. ஆனால் இரண்டு மாணவர்களுக்கும் இடையே மலையளவு தூரம்.

சி.எம்.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. 1986-இல் சென்னையில் மைக்ரோபயாலஜி முதுநிலை மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் வெளியே வந்தது. அந்த மாதிரிகளைச் சோதித்தது வேலூர் சி.எம்.சி.யில். சாம்பிள் எடுப்பதிலிருந்து, கெடாமல் கொண்டுபோவது, சோதித்ததை மறுபடி உறுதி செய்வது வரை ஒவ்வொரு படியும் ஒழுங்காக நடந்ததால்தான் நாடு நம்பியது. அப்படிப்பட்ட லேப் மரபு இருக்கும் இடத்தில் நான்கு வருடம் படிக்கக் கிடைத்தால், மற்ற கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் சேர்ந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

டிகிரியின் பலன் முதல் சம்பளத்தில் தெரியாது. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தனியார் லேபில் தொடக்கச் சம்பளம் குறைவு. முதல் வருடத்தில் டிப்ளமோக்காரருக்கும் டிகிரிக்காரருக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. நாலைந்து வருடத்துக்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. மருத்துவ லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தில் என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் வாங்கிய லேப்களில் தரப் பொறுப்பு, அனலைசர் (பரிசோதனை மெஷின்) விற்கும் நிறுவனங்களில் அதை இயக்கக் கற்றுத்தரும் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலை, எம்.எஸ்சி. எம்.எல்.டி. முடித்து ஆசிரியர் பணி, வெளிநாட்டு உரிமம் என்று டிகிரிக்குக் கதவுகள் அதிகம். ரத்த வங்கியில் இந்த வித்தியாசம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி ரத்த வங்கி டெக்னீஷியனுக்கு எம்.எல்.டி. டிகிரி என்றால் ஆறு மாத அனுபவம், டிப்ளமோ என்றால் ஓராண்டு அனுபவம்.

மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி

கலை அறிவியல் கல்லூரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஃபீஸும் கட்டுப்படியாகும், பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம். அதனால் "மைக்ரோபயாலஜி படித்தாலும் லேபுக்குப் போகலாம்தானே" என்று சேர்ப்பவர்கள் ஏராளம். போகலாம். சின்ன லேப்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தப் படிப்பு மருத்துவமனை லேபுக்காக வகுக்கப்பட்டது அல்ல. மண், நீர், உணவு, தொழிற்சாலை நொதித்தல் என்று நுண்ணுயிர்களின் உலகம் முழுவதையும் தொடுகிறது. நோயாளியிடம் ரத்தம் எடுப்பது அதில் இல்லை. லேப் டெக்னீஷியன் வேலைக்கான அரசு அறிவிக்கையில் எம்.எல்.டி. தகுதி கேட்கும்போது இந்தப் பட்டம் செல்லாது.

இதனால் மூன்று வருடம் படித்துவிட்டு, மறுபடி டி.எம்.எல்.டி.யில் சேரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மொத்தம் ஐந்து வருடம். அதில் பி.எஸ்சி. எம்.எல்.டி.யே முடிந்து ஒரு வருட அனுபவமும் வந்திருக்கும். முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என்று மனம் கனக்கிறது.

ஆராய்ச்சியில் உண்மையான ஆசை இருந்தால் மட்டும் கணக்கு மாறும். மருந்து கம்பெனியின் குவாலிட்டி கன்ட்ரோல், உணவுப் பரிசோதனை, தடுப்பூசி தயாரிப்பு, பிஎச்.டி. என்று போக நினைப்பவருக்கு மைக்ரோபயாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் எம்.எல்.டி.யைவிடப் பொருத்தமானவை. மருத்துவக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜி, மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி படித்து ஆசிரியராகவும் போகிறார்கள். அதில் ஒரு நிச்சயமின்மை உண்டு: எம்.பி.பி.எஸ். படிக்காத எம்.எஸ்சி., பிஎச்.டி.காரர்களை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக நியமிக்கும் வாய்ப்பை தேசிய மருத்துவ ஆணையம் 2020-இல் சுருக்கி, 2025 விதிகளில் மறுபடி தளர்த்தியது. இந்த ஊசலாட்டத்தைத் தாங்கும் பொறுமை இருப்பவர்கள் போகலாம்.

தொலைநிலைக் கல்வியில் மைக்ரோபயாலஜி என்று யாராவது இன்னும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். மருத்துவம் சார்ந்த படிப்புகளை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-இல் நிறுத்திய பட்டியலில் மைக்ரோபயாலஜியும் பயோடெக்னாலஜியும் இருக்கின்றன.

மாடிப்படி ஏறும் சான்றிதழ்கள்

ஓராண்டுச் சான்றிதழ் எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன். அரசு அங்கீகரித்த நிறுவனங்களில் நடந்த ஓராண்டுப் படிப்பை வைத்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கிரேடு 3 லேப் டெக்னீஷியன்களை எடுத்ததுண்டு, டி.எம்.எல்.டி.க்குக் கிரேடு 2. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. லேப் தொழில் அதன் அட்டவணையில் முதல் பிரிவு. அந்தச் சட்டப்படி துணை மருத்துவப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டு வரையிலான படிப்பு வேண்டும். அதற்கு மேல்நிலைப் பிரிவுக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டு. ஆறு மாதப் படிப்பும் ஓராண்டுப் படிப்பும் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. இன்றைக்கு 17 வயதில் இருக்கும் பிள்ளை இன்னும் 40 வருடம் இந்தத் தொழிலில் இருக்கப் போகிறது. ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப்போய் அத்தனை வருடங்களையும் பணயம் வைக்க வேண்டாம்.

அரசு வேலை, வளைகுடா, சொந்த லேப்

மூன்று கனவுகளும் அடிக்கடி வருவதால் மூன்றையும் தனியாகப் பேசலாம்.

அரசு வேலைக்கு டிகிரிதான் உயர்ந்தது, அதனால் டிப்ளமோ வேலைக்கும் அது செல்லும் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. அறிவிக்கையில் கேட்ட தகுதி இல்லாமல் அதைவிடப் பெரிய தகுதி இருந்தால் போதும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் வேறொரு தொழில்நுட்பப் பணி வழக்கில் ஏற்கவில்லை. மேல் படிப்பு கீழ்ப் படிப்பையும் உள்ளடக்கியது என்று விதியில் எழுதியிருந்தால்தான் செல்லும். ஆரம்ப சுகாதார நிலையம், காசநோய்த் திட்டம், மாவட்ட மருத்துவமனை என்று அரசில் சேர்வது மட்டுமே குறிக்கோள் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி டி.எம்.எல்.டி. நேரான சாலை. பழைய அறிவிக்கைகள் இரண்டு மூன்றை எடுத்துத் தகுதிப் பத்தியை மட்டும் வரிவரியாகப் படியுங்கள், போதும்.

வளைகுடாவுக்கு டிகிரி. அங்கே டெக்னீஷியன் வேறு, டெக்னாலஜிஸ்ட் வேறு. உரிமத்திலும் சம்பளத்திலும் தகுதியைப் பொறுத்துப் பிரிப்பார்கள். படித்து முடித்ததும் போக முடியாது, அனுபவம் கேட்பார்கள். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிச் சரிபார்க்கும், அதோடு புரோமெட்ரிக் மாதிரியான கணினித் தேர்வும் உண்டு. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவர்களின் கனவு உடைவது இந்தச் சரிபார்ப்பில்தான். பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று பணிபுரிய எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு வேண்டும், அமெரிக்கப் பாதைக்கு ஏ.எஸ்.சி.பி. என்ற அமைப்பின் சான்று. இரண்டிலும் டிப்ளமோவோடு போட்டி போடுவது கடினம்.

சொந்த லேப் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. எந்தப் படிப்பைப் படித்தாலும் ரிப்போர்ட்டில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட முடியும் என்று நினைத்துத் தொடங்காதீர்கள். பெத்தாலஜியில் (நோய்க்குறியியல்) முதுநிலை படித்த பதிவு பெற்ற மருத்துவர்தான் லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் லேபும் பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு பெத்தாலஜிஸ்ட்டோடு சேர்ந்து நடத்த முடிந்தால் நல்ல தொழில். கடன் வாங்கி மெஷின் வாங்கும் முன் அந்த மருத்துவரைத் தேடுங்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கும்போது

விளம்பரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்குக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைக்குப் போங்கள். லேபில் ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது என்று கேளுங்கள். மருத்துவமனையே இல்லை, "டை-அப்" இருக்கிறது என்றால், எந்த மருத்துவமனை, மாணவருக்கு மாதத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். மைக்ராஸ்கோப் எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போடுகிறார்களா, ஹிஸ்டோபெத்தாலஜி இருக்கிறதா, ரத்த வங்கி இருக்கிறதா? மூன்றும் இல்லாத இடத்தில் படித்தவருக்கு லேபின் பாதி உலகம் தெரியாமலே போகும்.

சீனியர் மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "நீங்கள் தனியாக எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைப்பெண்ட் உண்டா என்றும், கல்லூரியின் பெயர் இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித்தர இழுத்தடிக்கும் வழக்கம் உண்டா என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

பெற்றோர் கேட்கத் தவறும் ஒரு கேள்வி: முதல் வருடத்திலேயே மாணவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்களா? மூன்று டோஸ், முழுதாக முடிய ஆறு மாதம். ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற நடைமுறை எழுதி ஒட்டியிருக்கிறதா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அடுத்த ஒன்றிரண்டு மணியிலேயே தொடங்க வேண்டும். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் கல்லூரியில் என் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

பிள்ளையின் கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பாக்டீரியாவுக்கு நிறமேற்றும் கிராம் ஸ்டெயினில் ஊதாவையும் இளஞ்சிவப்பையும், காசநோய் ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவப்புக் கம்பியையும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை இது. நிறக்குருடு இருப்பது இரண்டாம் வருடத்தில் தெரியவந்தால் பிள்ளை உடைந்துபோகும்.

யாருக்கு எது?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியில் பி.எஸ்சி. எம்.எல்.டி. இடம் கிடைத்து, நான்கு வருடம் வீடு தாங்கும் என்றால் அதுதான் முதல் தேர்வு. அது கிடைக்காமல் ஒரு பக்கம் அரசு மருத்துவக் கல்லூரி டி.எம்.எல்.டி.யும், மறுபக்கம் மருத்துவமனையே இல்லாத தனியார் கல்லூரியின் பி.எஸ்சி. எம்.எல்.டி.யும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு டிப்ளமோவை எடுங்கள். டிகிரி என்ற சொல்லுக்காகக் கடன் வாங்க வேண்டாம். இரண்டு வருடத்தில் கையில் தொழில் இருக்கும், அப்புறம் டிகிரிக்கு வழி தேடலாம்.

மைக்ரோபயாலஜியில் சேர்ந்து முதல் வருடம் படித்துக்கொண்டிருப்பவர், மருத்துவமனை லேப்தான் தன் இடம் என்று உணர்ந்தால், மூன்று வருடம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அடுத்த கவுன்சலிங்கிலேயே விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் போனது என்று வருந்தத் தேவையில்லை. அந்தப் பாடங்கள் வீண் போகாது. ஏற்கெனவே முடித்துவிட்டவர்கள், ஆராய்ச்சி அல்லது தொழிற்சாலைப் பக்கம் எம்.எஸ்சி.யோடு போவதா, டி.எம்.எல்.டி. சேர்வதா என்று யோசிக்கும் முன், ஒரு மாதம் ஏதாவது மருத்துவமனை லேபில் அனுமதி வாங்கி நின்று பாருங்கள். ரத்தமும் சளியும் மலமும் தினசரி வேலை. அது பிடிக்கிறதா என்று அங்கே நின்றால்தான் தெரியும்.

கவுன்சலிங் விண்ணப்பத்தில் நிறையப் பிள்ளைகள் நர்சிங்கை முதலில் போட்டு, எம்.எல்.டி.யை கடைசி வரிசையில் தள்ளிவிடுகிறார்கள். லேப் வேலைதான் விருப்பம் என்றால், எம்.எல்.டி. படிப்பை முதலில் வைத்துக் கல்லூரிகளை அதற்குக் கீழ் அடுக்குங்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியைவிட, தள்ளியிருந்தாலும் பெரிய மருத்துவமனை உள்ள கல்லூரிக்குப் பட்டியலில் உயர்ந்த இடம் கொடுங்கள். டி.எம்.எல்.டி.க்கான விண்ணப்பம் தனியாக வரும், தேதியும் வேறாக இருக்கும். இரண்டுக்கும் போட்டு வையுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே ஈ-சேவை மையத்தில் எடுத்து வைத்துவிட்டால் கடைசி நாள் அலைச்சல் இருக்காது.